சமாதானக் கை நீட்டினேன், மனம் நீளவில்லை: சுபாவம் ஒத்துப்போகாத சகோதரியை ஏற்றுக்கொள்வது எப்படி?

கோத்தகிரி மகள்
ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வாரமாக மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் செயலாளர். பொருளாளர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஓர் அக்கா. எங்களுக்குள் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் இரண்டு திசை. வழியில் தெரிந்த முகத்தைக் கண்டால் நின்று நாலு வார்த்தை பேசாமல் என்னால் போக முடியாது. வீட்டுக்கு வந்தவர் தேநீர் குடிக்காமல் கிளம்பினால் அன்று முழுவதும் எனக்கு உறுத்தும். அக்கா கேட்டதற்குப் பதில் சொல்வார்; அதோடு சரி. நான் அரிசியைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுவேன், அவர் ஆழாக்கு வைத்து அளப்பார். கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொல்லி எல்லோரும் தலையாட்டிய பிறகு, "இதற்குப் பணம் எங்கே?" என்று அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். அதற்குப்பின் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் அறுப்பின் பண்டிகை. படைத்த காய்கறிகளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டோம். நான் ஏலம் கூறினேன். அக்கா நோட்டுப் புத்தகத்துடன் பக்கத்து மேசையில் இருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து வரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆசையில் ஒரு முட்டைக்கோஸை நாற்பது ரூபாய்க்குக் கேட்டுவிட்டாள். வந்து கையை விரித்தால் மூன்று பத்து ரூபாய்த் தாள்கள், வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. "பரவாயில்லை கண்ணு, முப்பதுக்கே எடுத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டேன். அக்கா நோட்டிலிருந்து தலை நிமிராமல், அங்கிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார்: "நாற்பதுக்குப் போயிருக்கிறது. மீதிப் பத்தை யார் கட்டுவது?"

அந்தப் பிள்ளை முட்டைக்கோஸை மேசையிலேயே வைத்துவிட்டது. நான் பத்து ரூபாயை எடுத்து வைத்து, பிள்ளையைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். அன்றிலிருந்து அக்காவிடம் வேலை தவிர வேறு பேச்சு இல்லை.

இன்று திருவிருந்து ஆராதனை. மழையால் ஆட்கள் குறைவு. நானும் அக்காவும் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்காரும்படி ஆகிவிட்டது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் வாழ்த்தும் நேரம்; சமாதானம் கைமாறி வந்தது. அக்காவுக்கு நான்தான் கொடுக்க வேண்டும். வலது உள்ளங்கையை நீட்டினேன். முறைப்படி இடது கையை அவர் கைமேல் மூட வேண்டும் அல்லவா? நான் மூடவில்லை. அவர் மூடினார். குளிர்ந்த கை, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. என் கையை முழுவதுமாகப் பொத்திப் பிடித்து, தலை குனிந்து, பிறகு திரும்பி அடுத்தவருக்குக் கொடுத்தார். அதன்பின் அப்பமும் ரசமும் வாங்கப் பலிபீடத்தண்டை போக எனக்குக் கால் எழவில்லை.

இத்தனைக்கும் இன்றைய பிரசங்க வசனம் ரோமர் 15:7. கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது. ஏற்றுக்கொள்வது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? அவரை எனக்குப் பிடித்தாக வேண்டுமா? பிடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனால் அது ஏற்றுக்கொண்டதாகுமா? மனம் திறந்து சொல்லுங்கள்.


விதைத்தேயிலை (குன்னூர்)
ஞாயிறு, இரவு 10.02

தங்கச்சி, எனக்குத் தோட்டம்தான் தெரியும், அதிலிருந்தே சொல்கிறேன்.

என் தகப்பனார் வைத்த ஒன்றரை ஏக்கர் முழுவதும் விதை போட்டு வளர்ந்த தேயிலை. அதையொட்டி நான் வைத்த ஒரு ஏக்கர் குளோன், அதாவது ஒரே தாய்ச் செடியின் தண்டை வெட்டி நாற்றாக்கி நட்டது. குளோன் பாத்தியில் எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்கும். ஒரே சமயத்தில் கொழுந்து விடும், பறிக்க வருகிறவர்களுக்கு வேலை சுலபம். விதைத் தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் தனி ஆள். ஒன்றுக்கு இலை பெரிது, அடுத்ததற்குச் சிறிது. ஒன்று இந்த வாரம் துளிர்த்தால் பக்கத்தில் இருப்பது பத்து நாள் கழித்துத்தான் கண் திறக்கும். நிறமே வேறு வேறு. நானே பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறேன், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் குளோன் வைத்துவிடலாமா என்று.

ஆனால் விதையில் முளைத்ததற்கு ஆணிவேர் உண்டு. தண்டு நட்டு வளர்த்ததற்கு அது கிடையாது. மழை தள்ளிப்போய் மார்ச் வெயில் காயும்போது என் குளோன் பாத்திதான் முதலில் வாடி நிற்கும். அப்பா வைத்த செடிகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அந்தச் செடிகள், பச்சையாகவே நிற்கும்.

ஆண்டவர் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்தபோது ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வாங்கிக்கொண்டிருந்த மத்தேயுவையும் எடுத்தார், செலோத்தே என்னப்பட்ட சீமோனையும் எடுத்தார். செலோத்தே என்றால் வைராக்கியக்காரன்; அந்நிய ஆட்சியை ஏற்காதவர்களை அப்படிச் சொல்வதுண்டு. அந்த இரண்டு பேரும் முதல் நாள் ஒரே பந்தியில் உட்கார்ந்தபோது என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.


வெலிங்டன் ஹவில்தார்
திங்கள், காலை 6.15

சகோதரி, கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். நீங்கள் இதைச் சுபாவ வித்தியாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி மட்டும் படவில்லை. அந்த முட்டைக்கோஸ் உங்களுடையது அல்ல, சபையுடையது. உங்கள் பையிலிருந்து பத்து ரூபாயை முதலிலேயே வைத்துவிட்டு இரக்கம் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. இரக்கம் உங்களுடையது, செலவு அடுத்தவருடையது என்று ஆகிவிட்டது.

அந்த அக்காவும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கணக்குப் பார்க்கிறவர்களை நாம் எளிதாகக் கல்நெஞ்சர் ஆக்கிவிடுகிறோம்.

2009 நவம்பர் மண்சரிவு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. நாற்பது பேருக்கும் மேல் இறந்தார்கள். பாதைகள் அறுந்து கிடந்தன. நான் அப்போது ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குப் போர்வை கொடுக்கும் வேலையில் நின்றேன். முதல் நாள் நல்ல மனம் கொண்டவர்கள் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். முன்னால் நின்றவருக்கு மூன்று, மூலையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நாள் ஓர் அம்மா வந்தார். யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை, அழவும் இல்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு, குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, பெயருக்கு எதிரே எண்ணிக்கை எழுதினார். அன்று இரவு எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

ரோமர் 12:8ஐ எடுத்துப் பாருங்கள். முதலாளியானவன் (முன்நின்று நடத்துகிறவன்) ஜாக்கிரதையாயிருக்கக்கடவன் என்ற வரிக்கு அடுத்த வரி இரக்கம் செய்கிறவனைப் பற்றியது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வசனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறீர்கள்.


கோத்தகிரி மகள்
திங்கள், காலை 8.40

ஐயா, படித்ததும் சுருக்கென்றது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். நீங்கள் சொல்வது சரி. அந்தப் பத்து ரூபாயை நான் முதலிலேயே எடுத்து வைத்திருக்கலாம். அது எனக்கு இத்தனை நாளாகத் தோன்றவே இல்லை.


குருமனைத் திண்ணை (உதகை)
திங்கள், மதியம் 2.30

ஆயரின் மனைவியாக நான்கு சேகரங்களில், அதாவது ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரங்களில், வாழ்ந்துவிட்டேன். கோத்தகிரி மகளே, நீங்கள் கேட்ட கேள்வியை நானும் என் முழங்காலில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வேதாகமக் கல்லூரியில் கொஞ்சம் கிரேக்கம் படித்தேன். ரோமர் 15:7இல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதிய சொல், தன்னோடு சேர்த்துக்கொள்வது, தன் பக்கம் இழுத்துக்கொள்வது என்ற பொருள் கொண்டது. ஒருவரைப் பிடிக்கிறதா இல்லையா என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. அதே சொல் அப்போஸ்தலர் 28:2இலும் வருகிறது. கப்பல் உடைந்து பவுலும் மற்றவர்களும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் 276 பேர். அவர்களில் கைதிகள் உண்டு. அந்தக் கைதிகளைக் கொன்றுபோடலாம் என்று சிறிது நேரத்துக்குமுன் யோசனை சொன்ன போர்ச்சேவகர்களும் உண்டு. தீவுக்காரர்கள் யாரையும் விசாரிக்கவில்லை. மழைக்காகவும் குளிருக்காகவும் நெருப்பை மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

மழையும் குளிரும் என்னவென்று மலையில் இருக்கிற நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நனைந்து வந்து நிற்கிறவரிடம் உங்கள் சுபாவம் என்ன என்று நாம் கேட்பதில்லை. அடுப்புப் பக்கம் ஒரு மணையை நகர்த்திப் போடுகிறோம். ஏற்றுக்கொள்வது என்பதை நான் அந்த மணையாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். பிடித்தம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். மணை போடுவது நம் கையில் இருக்கிறது.

அந்தச் சமாதானக் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. பேராயர் வேண்டும் என்பவர்களும் பேராயரே வேண்டாம் என்பவர்களும் 28 ஆண்டுகள் பேசிப் பேசி ஒரு கூரைக்கு வந்தார்கள். 1950இல் திருவிருந்து முறைமை அமைத்தபோது, கைமாற்றிச் சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைக் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, நேற்று உங்கள் இருவர் கைக்கும் நடுவில் இருந்தது நம்மைப் போல் இல்லாதவர்களிடமிருந்து நமக்கு வந்த ஒன்று.


கடைசி பெஞ்ச் (கோத்தகிரி)
திங்கள், இரவு 11.20

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. வயது 23. அக்கா, உங்கள் பொருளாளரைப் போன்றவன்தான் நானும்.

வீட்டு ஜெபக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். எனக்கு இடப்பக்கம் நான்கு பேர் இருக்கும்போதே உள்ளங்கை ஈரமாகிவிடும். மூன்று பேர், இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பக்கத்து அண்ணன் என்ன ஜெபித்தார் என்று ஒரு சொல் காதில் விழாது. என் முறை வந்ததும் மௌனம். யாரோ தொண்டையைக் கனைப்பார்கள். பிறகு அடுத்தவர் தொடங்குவார். முடிந்தபின் ஒரு மூத்தவர் என் தோளில் கைபோட்டு, "தம்பி, ஆவியானவர் உள்ளே இருந்தால் வாய் தானாகத் திறக்கும்" என்றார். அன்போடுதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் ஆழமாகக் குத்தியது.

நான் ஜெபிக்காதவன் அல்ல. காலையில் தோட்டத்துப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்துதான் பஸ் ஏறுகிறேன். அந்த மூன்று கிலோமீட்டரும் ஜெபம்தான்.

வாலிபர் முகாம் ஒன்றில் நான்கு சுபாவம் என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பழைய கிரேக்க மருத்துவர்கள் உடலில் நான்கு நீர்கள் இருப்பதாக எண்ணிச் செய்த பிரிவினை அது. எனக்குச் சளிச் சுபாவம் என்று வந்தது. அன்று முதல் இரண்டு வருடமாக எதற்கும் என்னை அழைக்கவில்லை. "அவன் அமைதியானவன், தொந்தரவு செய்யாதே" என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். சுபாவத்தைப் புரிந்துகொள்வதாகச் சொல்லி ஒரு பெயர் ஒட்டி ஒதுக்கி வைப்பதும் நடக்கிறது. தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்வது என்று அழைக்காதீர்கள். எனக்குக் கிதார் நன்றாக வரும். யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, அக்கா. என்னைப் போன்றவர்கள் ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் அது கேள்வி மட்டும்தான். அதற்குள் குத்தல் எதுவும் இருக்காது. மீதிப் பத்தை யார் கட்டுவது என்று அவர் கேட்டது, யார் பெயரில் எழுதுவது என்று தெரிந்துகொள்வதற்காகவும் இருக்கலாம்.


புதுச்சிருஷ்டி (கூடலூர்)
செவ்வாய், காலை 7.05

எல்லோரும் அன்பாக எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனாலும் எனக்கு ஒரு பயம். சுபாவம், சுபாவம் என்று சொல்லிச் சொல்லியே நாம் பாவத்துக்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். எரிந்து விழுவது என் சுபாவம், கறாராகப் பேசுவது என் சுபாவம், ஜெபக் கூட்டத்துக்கு வராமல் இருப்பது என் சுபாவம். கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டி என்று 2 கொரிந்தியர் 5:17 சொல்கிறதே, பழையவை ஒழிந்துபோயின என்று இருக்கிறதே, அதை எங்கே வைப்பது?

என் சாட்சியைச் சொல்கிறேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். அப்பாவுக்கு எல்லாவற்றின்மேலும் கோபம். அந்தக் கோபம் அப்படியே எனக்கும் வந்தது. முப்பத்திரண்டு வயதில் ஆண்டவர் என்னைத் தொட்டார். கோபம் என் சுபாவம் என்று சபை அன்று என்னை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால், இன்று என் பிள்ளைகள் என்னோடு பேசியிருக்க மாட்டார்கள்.


செண்பகனூர் டீச்சர் (கொடைக்கானல்)
செவ்வாய், மாலை 5.45

கூடலூர்த் தம்பி, உங்கள் சாட்சிக்காகக் கர்த்தருக்கு நன்றி. உங்கள் பயம் நியாயமானது. நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள், முப்பத்தைந்து வருடம் பள்ளியில் வேதபாடம் எடுத்தவள். பெயர்களை உங்கள் வேதாகமத்தில் இருக்கிறபடியே எழுதுகிறேன். எது மாற வேண்டும், எது இருக்கலாம் என்பதற்கு எனக்கு மார்த்தாளைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

லூக்கா 10இல் ஆண்டவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது அவள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்து, அவர் பாதத்தில் உட்கார்ந்திருந்த சகோதரி மரியாள் உதவவில்லையே என்று குறை சொல்கிறாள். ஆண்டவர் கண்டிக்கிறார். பாவம், அந்த ஒரு காட்சியை வைத்தே நாம் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் மார்த்தாளைத் திட்டுகிறோம். யோவான் 12க்குப் போங்கள். பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் இருக்கும்போது பெத்தானியாவில் மறுபடியும் விருந்து. அங்கே மார்த்தாள் பணிவிடை செய்தாள் என்று எழுதியிருக்கிறது. அப்போதும் அவள் கையில் பாத்திரம்தான்! மரியாள் அப்போதும் ஆண்டவரின் பாதத்தில்தான். ஆனால் இந்த முறை மார்த்தாள் யாரையும் குறை சொன்னதாக எழுதியில்லை. வேலை செய்யாதே என்று அவளிடம் ஆண்டவரும் சொல்லவில்லை. புலம்பல் போயிற்று, மார்த்தாள் மார்த்தாளாகவே இருக்கிறாள். புதுச்சிருஷ்டியை நான் அங்கே பார்க்கிறேன்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் இருக்கிறது யோவான் 11. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே தொண்டை அடைக்கும். லாசரு இறந்து நான்கு நாள் கழித்து ஆண்டவர் வருகிறார். மார்த்தாள் எதிர்கொண்டு போகிறாள். 21ஆம் வசனத்தில் அவள் சொல்வது, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்பது. மரியாள் பிறகு வருகிறாள். 32ஆம் வசனத்தில் அவள் சொல்வதும் அதே வாக்கியம்தான்.

சொன்னது ஒன்று. கிடைத்தது ஒன்றல்ல. மார்த்தாளோடு அவர் பேசுகிறார். நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன் என்ற அந்தப் பெரிய வார்த்தை அவளுக்குத்தான் கிடைத்தது. இதை விசுவாசிக்கிறாயா என்று கேட்கிறார். அவளும் நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று தெளிவாகப் பதில் சொல்கிறாள். துக்கத்திலும் பேசித் தெளிவு பெற வேண்டியவள் அவள். மரியாளிடம் அவர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அவள் அழுவதைப் பார்க்கிறார், கலங்குகிறார், அவரும் கண்ணீர் விடுகிறார். அன்று மரியாளுக்கு உபதேசம் செய்திருந்தால் அவள் காதில் ஏறியிருக்காது. மார்த்தாளோடு அழுதுவிட்டு மட்டும் போயிருந்தால் அவளுக்கு ஒரு கேள்வி மீதி இருந்திருக்கும்.

கோத்தகிரி மகளே, நீங்கள் அந்த அக்காவிடம் இதுவரை உங்கள் பாஷையில்தான் அன்பு காட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேநீர், பேச்சு, சிரிப்பு. அவருக்கு எது அன்பாகப் படும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒருவேளை சரியான நேரத்தில் கொடுக்கப்பட்ட ரசீதாக இருக்கலாம்.


பெயர் வேண்டாம்
செவ்வாய், இரவு 11.50

எந்த ஊர் என்று சொல்லவில்லை. மலைதான்.

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்து அழுதேன். சந்தோஷத்தில் அல்ல. பதினோரு வருடமாக என் கணவரைப் பற்றி எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். அவர் சுபாவம் அப்படி, கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல நீயும் ஏற்றுக்கொள் என்று. அவர் குடிப்பதில்லை. காணிக்கை தவறாமல் போடுவார். வீட்டுக்குள் கை நீட்டுவார். ஒருமுறை என் மணிக்கட்டு பிசகிவிட்டது. படியில் விழுந்துவிட்டேன் என்று சபையில் சொல்லிவிட்டு, அதே கையால் சமாதானம் கொடுத்தேன். ரோமர் 15:7ஐக் கேட்டாலே எனக்கு அந்த வலி வருகிறது. இதற்கும் அதே வசனம்தானா?


குருமனைத் திண்ணை (உதகை)
புதன், அதிகாலை 5.10

தங்கையே, இல்லை. இதற்கு அந்த வசனம் இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் தவறு செய்தார்கள். சபையின் பெயரால் அப்படிச் சொல்லப்பட்டதற்காக, உங்கள் முகம் தெரியாவிட்டாலும், நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

மெதுவாகப் பேசுவது, சத்தமாகப் பேசுவது, கணக்குப் பார்ப்பது, பார்க்காமல் இருப்பது, இவை சுபாவம். கை நீட்டுவது சுபாவம் அல்ல. அது பாவம், சட்டப்படி குற்றமும்கூட. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 181 என்ற எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம், பணம் பிடிக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112. போனை அவர் பார்ப்பார் என்றால் இந்த இழையைப் படித்த தடத்தையும் அழித்துவிடுங்கள். எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். எந்த நேரமானாலும் பதில் எழுதுவேன்.

பிரிந்து இருப்பதே கிறிஸ்தவனுக்குத் தகாது என்று எண்ணுகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். அடிதடி இல்லாத, வெறும் கருத்து வேறுபாட்டிலேயே பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். பம்பிலியாவில் தங்கள் ஊழியப் பயணத்தை விட்டுப்போன மாற்குவை மறுபடியும் சேர்க்கலாமா என்பதில் அவர்களுக்குள் கடுங்கோபம் மூண்டது என்று அப்போஸ்தலர் 15 மறைக்காமல் எழுதுகிறது. பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார், பவுல் சீரியா வழியாகப் போனார். பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து பவுல் எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டுவா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். தூரம் இருந்தது, அந்தத் தூரத்துக்குள் ஆண்டவர் வேலை செய்தார். ஆனால் தங்கையே, அந்தக் கதையை உங்களை நோக்கி நான் சொல்லவில்லை. திரும்பிச் சேர வேண்டும் என்ற பாரத்தை உங்கள்மேல் யாரும் வைக்க வேண்டாம். முதலில் நீங்கள் பத்திரமாக இருக்க வேண்டும்.


புதுச்சிருஷ்டி (கூடலூர்)
புதன், காலை 6.40

சகோதரி, நேற்று நான் எழுதியது இதைத்தான் சுற்றி வந்தது, ஆனால் இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு காலத்தில் உங்கள் கணவரைப் போல் இருந்தவன். அதனால் சொல்கிறேன்: என்னைத் திருத்தியது என் மனைவியின் பொறுமை அல்ல. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன அந்த ஒன்பது மாதம்தான்.

கடைசி பெஞ்ச் தம்பிக்கு: ஜெபக் கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி நான் எழுதியது உங்கள் பதிவுக்குக் கீழே வந்துவிட்டது. உங்களை நினைத்து எழுதவில்லை என்றாலும் அது உங்களைச் சுட்டிருக்கும். மன்னியுங்கள். மூன்று கிலோமீட்டர் ஜெபம் என்னிடம் இல்லை.


பெயர் வேண்டாம்
புதன், காலை 10.15

தனிமடல் அனுப்பியிருக்கிறேன், அக்கா. நன்றி.


வெலிங்டன் ஹவில்தார்
புதன், இரவு 8.00

கடைசி பெஞ்ச் தம்பி, வருகிற டிசம்பரில் எங்கள் சபையில் கேரல் பாட்டுக்குக் கிதார் வாசிக்க ஆள் இல்லை. போன வருடம் வாசித்த பையன் வேலைக்குக் கோயம்புத்தூர் போய்விட்டான். பேச வேண்டியதில்லை, யாரும் உங்களை ஜெபிக்கச் சொல்ல மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. இரவு உறைபனி விழும், விரல் இல்லாத கையுறை கொண்டுவாருங்கள். விருப்பம் இருந்தால் தனிமடலில் எழுதுங்கள்.


கோத்தகிரி மகள்
சனி, இரவு 9.30

நான்கு நாளாக எதுவும் எழுதவில்லை. இன்றுதான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

கையில் பலகாரம் எடுத்துக்கொண்டு போவதுதான் என் வழக்கம். இன்று அறுப்பின் பண்டிகையில் மேசை, பாத்திரம், ஒலிபெருக்கி வாடகைக்கு நான் கொடுத்த பணத்தின் ரசீதுகளைத் தேடி எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, ஓர் உறையில் போட்டு எடுத்துப்போனேன். ஒரு மாதமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தவை அவை. நான்தான் இதோ தருகிறேன், அதோ தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் அப்படித் தாமதமாகக் கொடுப்பது யாருக்கும் பெரிய விஷயமே இல்லை. அவருக்கு அது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று உறையைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். முகம் இளகியது. இத்தனை வருடத்தில் நான் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

மழை பிடித்துக்கொண்டது, கிளம்ப முடியவில்லை. அடுப்படியில் உட்காரச் சொன்னார். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை எடுத்துக்கொண்டேன். விரல் வெடிப்பு எதனால் என்று கேட்டேன். வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமியாரின் துணிகளை அவரே துவைக்கிறாராம், ஆறு வருடமாக. அவருக்கு மாமியார் இருப்பது மட்டும் எனக்குத் தெரியும், படுக்கையில் இருப்பது தெரியாது. நான் ஊரெல்லாம் நின்று பேசுகிறவள்.

பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். வாயில் வந்த பேச்சையெல்லாம் விழுங்கினேன். உரித்த பட்டாணி பாதிப் பாத்திரம் ஆனபோது நானே அந்த முட்டைக்கோஸ் பேச்சை எடுத்தேன். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொன்னேன். பணத்தை முதலிலேயே வைக்காதது என் தவறு என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "யார் கட்டுவது என்று தெரிந்தால்தானே பெயர் எழுத முடியும்?" என்றார். கடைசி பெஞ்ச் தம்பி, அப்படியே நீ சொன்னதுதான். அந்தப் பிள்ளை பயந்துவிட்டது அக்கா என்றேன். உரிப்பதை நிறுத்திவிட்டார். "எந்தப் பிள்ளை?" என்று கேட்டார். நோட்டிலிருந்து அவர் தலை நிமிரவே இல்லை அல்லவா, யார் வாங்கினார்கள் என்றே பார்க்கவில்லை. பெயரைச் சொன்னதும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அவள் தாய் எந்த லைனில் இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று எழுத ஆசைதான். இன்னும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் கிளம்பும்போது குடையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க நாளைக்கு மறுபடியும் போக வேண்டும்.

வாசலில் நின்று கேரல் இரவுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். எத்தனை பேர் என்றார். வழக்கம்போல் ஐம்பது அறுபது வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நிறுத்திவிட்டு, மழை பெய்துகொண்டிருக்க, விரல்விட்டு ஒவ்வொரு வீடாக எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர் என்றேன். அக்கா தலையசைத்து உள்ளே போனார். நோட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.